இரண்டு வாரம் சுரங்கம், ஒரு வாரம் வீடு

கேள்வி:

அன்புள்ள அக்கா, எனக்கு வயது 36. மருத்துவமனையில் 12 ஆண்டுகளாகத் தாதியாக இருக்கிறேன், ஷிஃப்ட் வேலை. கணவர் ஜூரோங் தீவில் பராமரிப்புப் பொறியாளர். மகன் தொடக்கநிலை 2, மகளுக்கு 3 வயது. ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மாமியாரோடு இருக்கிறோம். கணவருக்கு இப்போது பெர்த்தில் ஒரு சுரங்க நிறுவனம் வேலை தருகிறது. இங்கே ஆண்டுக்கு 80,000 சிங்கப்பூர் வெள்ளி. அங்கே 180,000 ஆஸ்திரேலிய டாலர். 2 வாரம் சுரங்கத்தில், 1 வாரம் வீட்டில். நிறுவனமே 4 ஆண்டு விசா எடுத்துத் தரும். பிள்ளைகளுக்கு பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) தொல்லை இல்லை, கடற்கரை, பூங்கா என்று ஓடியாடி வளர்வார்கள். மகன் வாரம் மூன்று நாள் டியூஷனில் இப்போதே களைத்துப்போகிறான். வெளிநாட்டில் வளர்ந்தால் மகன் தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) செய்ய வேண்டியதில்லை என்று நண்பர் ஒருவர் சொன்னார். நான் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். மாமியாருக்கு 68 வயது, சர்க்கரை நோய். கூட வரமாட்டேன் என்கிறார். "எங்கப்பா ரஜூலா கப்பல்ல வந்தவர்தானே, நீங்களும் போயிட்டு வாங்க" என்கிறார். மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும். இரவில் தூக்கமே இல்லை. போகலாமா?
(பெயர் வேண்டாம், ஈசூன்)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதல் முறை படித்தபோது, "வயது இருக்கிறது, போய்ப் பாருங்களேன்" என்று எழுதிவிடலாம் என்றே நினைத்தேன். இரண்டாம் முறை ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. பிஎஸ்எல்இ, கடற்கரை, பூங்கா எல்லாம் ஆசையோடு எழுதிய நீங்கள், "2 வாரம் சுரங்கத்தில், 1 வாரம் வீட்டில்" என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் இதை 'ஃபைஃபோ' வேலை என்பார்கள். விமானத்தில் போய் வேலை, விமானத்தில் வந்து ஓய்வு. இரும்புத் தாது எடுக்கும் பில்பரா வட்டாரம் பெர்த்துக்கு வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. போனால் முகாமில்தான் தங்கல், பெரும்பாலும் 12 மணி நேர ஷிஃப்ட். அப்படியானால் ஆண்டின் 52 வாரத்தில் ஏறக்குறைய 35 வாரம் உங்கள் கணவர் வீட்டில் இருக்கமாட்டார். விடுப்பில் மூன்று நான்கு வாரம் குறையலாம். இது மோசமான வேலை என்று சொல்லவில்லை. எத்தனையோ குடும்பங்கள் அங்கே இப்படித்தான் வாழ்கின்றன. ஆனால் ஊரோடு பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் அம்மா இருப்பார், அக்கா இருப்பார். உங்களுக்கு யார்?

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். 1998-இல் போய் நாங்கள் மூன்று ஆண்டு மெல்பர்னில் இருந்தோம். பெரியவளுக்கு 6, சின்னவனுக்கு 2. கணவர் வேலையாக வெளிமாநிலம் போயிருந்த ஒரு ஜூலை இரவில், குளிர் காலம், சின்னவனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டேன். தூங்கும் பெரியவளை யாரிடம் விடுவது? கடைசியில் பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பாட்டியின் கதவைத் தட்டினேன். என் பெயர்கூட அவருக்குச் சரியாக வாயில் நுழையாது. சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து விடியும்வரை உட்கார்ந்திருந்தார். மகன் பிழைத்து எழுந்து இப்போது எனக்கே புத்தி சொல்கிறான். ஆனாலும் அந்தக் கதவைத் தட்டுமுன் நான் நின்ற அரை நிமிடம் இன்னும் மறக்கவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். இப்போது உங்களுக்குப் பிற்பகல் ஷிஃப்ட் இருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். மகனைப் பள்ளி வாசலில் கூப்பிட்டு வருவது யார்? மகளுக்குச் சோறு ஊட்டுவது, குளிப்பாட்டித் தூங்க வைப்பது, நீங்கள் இரவு பத்து மணிக்கு வந்தால் ரசத்தைச் சூடு பண்ணி வைப்பது யார்? சம்பளப் பட்டியலில் இல்லாத அந்த 68 வயது ஆளை இங்கேயே விட்டுவிட்டு, கணவரையும் மூன்றில் இரண்டு பங்கு நாள் அனுப்பிவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு தனியாக நிற்கப் போவது நீங்கள். கணவர் இதைக் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கணக்கில் அந்த வேலைகள் தெரியவே இல்லை, அவ்வளவுதான்.

சரி, கணக்கு என்று வந்துவிட்டதால் பணத்தையும் பார்த்துவிடுவோம். 80,000 எங்கே, 180,000 எங்கே என்று மலைக்க வேண்டாம். ஆஸ்திரேலிய டாலர் இப்போது நம் வெள்ளியைவிட மதிப்பில் குறைவு. 180,000-க்கு அங்கே வருமான வரி மட்டும் சுமார் 48,000 டாலர். இங்கே 80,000 வெள்ளிக்குக் கழிவு எதுவும் பார்க்காமலே 3,350 வெள்ளி. வேலை வழங்குபவர் எடுத்துத் தரும் தற்காலிக விசாவில் போனால், அரசாங்க மருத்துவக் காப்புறுதியான மெடிகேர் கிடையாது, தனியாகக் காப்புறுதி எடுக்க வேண்டும். பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கு அரசு மானியம் கிடையாது. அரசுப் பள்ளிக்குக்கூடக் கட்டணம் கேட்கும் மாநிலங்கள் உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். வாடகை, கார் எல்லாம் அப்புறம். இதில் பெரிய ஓட்டை எது தெரியுமா? உங்கள் சம்பளம். இப்போது இரண்டு சம்பளம் வருகிறது, அங்கே ஒன்று. அதைக் கழித்த பிறகு இரட்டிப்பு எங்கே இருக்கிறது என்று இருவரும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மசேநியில் (மத்திய சேம நிதியில்) சேர்வதும் நின்றுவிடும். அங்கே சூப்பர் என்று ஓய்வுக்கால நிதி உண்டு, முதலாளி 12 விழுக்காடு போடுவார். ஆனால் தற்காலிக விசாவில் போனவர்கள் திரும்பும்போது அதை எடுத்தால் பெரும்பகுதிக்கு 35 விழுக்காடு வரி பிடிப்பார்கள்.

இன்னொன்று. அந்த விசா கணவரின் வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் 180 நாளுக்குள் விசா எடுத்துத் தர வேறு முதலாளியைத் தேட வேண்டும். இரும்புத் தாது விலை எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரிக்கு வருகிறேன். "மருத்துவமனையில் 12 ஆண்டுகளாகத் தாதி." அதை விட்டுவிடலாம் என்கிறார் கணவர். தங்கையே, உங்கள் வீட்டில் ஆஸ்திரேலியா ஆசையோடு வரவேற்கும் ஆள் அவர் இல்லை, நீங்கள்தான்! 2025 ஏப்ரலிலிருந்து, சிங்கப்பூர் உட்படச் சில நாடுகளில் பதிவுபெற்று, 2017-க்குப் பிறகு குறைந்தது 1,800 மணி நேரம் வேலை பார்த்த தாதிகளுக்கு ஆஸ்திரேலியத் தாதியர் வாரியம் விரைவாகப் பதிவு தரும் வழியைத் திறந்திருக்கிறது. நீங்கள் பதிவுபெற்ற தாதி என்றால் 1,800 மணி நேரத்தை எப்போதோ தாண்டியிருப்பீர்கள். தாதி வேலை அவர்களின் குடியேற்றத் திறன் பட்டியலிலும் இருக்கிறது. புள்ளி அடிப்படையிலான விசாவுக்கு 45 வயதுக்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நீங்கள் முதன்மை விண்ணப்பதாரராகி நிரந்தரவாசியாகப் போனால் மெடிகேர் உண்டு, பிள்ளைப் பராமரிப்பு மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம், கணவரும் எந்த நிறுவனத்தோடும் கட்டப்படாமல் பெர்த் நகருக்குள்ளேயே வேலை தேடலாம். அதற்குச் சில மாதம் ஆகும், ஓராண்டும் ஆகலாம். மாத இறுதிக்குள் நடக்காது. ஆனால் மாத இறுதி என்பது அந்த நிறுவனத்தின் அவசரம்.

பிஎஸ்எல்இ விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகளை 2019-இலேயே கல்வி அமைச்சு எடுத்துவிட்டது. 2023-இலிருந்து எந்த வகுப்புக்கும் அரையாண்டுத் தேர்வு இல்லை. உயர்நிலைப் பள்ளியில் விரைவுநிலை, வழக்கநிலை என்று பிரித்ததும் 2024-இல் சேர்ந்த மாணவர்களோடு போய்விட்டது. தேர்வே இல்லாத வகுப்பில் இருக்கும் பையன் களைத்துப்போகிறான் என்றால், அந்தக் களைப்பைப் பள்ளி தரவில்லை. மூன்று நாள் டியூஷனுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? அதே பயத்தை மூட்டை கட்டிக்கொண்டு போனால் பெர்த்திலும் டியூஷன் நிலையம் இருக்கும், அதுவும் நம்மவர்களே நடத்துவார்கள். பார்த்திருக்கிறேன்.

தேசிய சேவை பற்றி அந்த நண்பர் சொன்னதை மறந்துவிடுங்கள். வெளிநாட்டில் வளர்வதால் ஒரு சிங்கப்பூர்ப் பையனின் கடமை கரைந்துவிடாது. 13 வயதானதும், 3 மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க அவனுக்கு வெளியேறும் அனுமதி வேண்டும். நீண்ட காலம் என்றால் பிணையும் கேட்கலாம், அது 75,000 வெள்ளியில் தொடங்குகிறது. உங்கள் மகனுக்கு 8 வயது. அதாவது, எப்போது போனாலும், அவனுக்கு 13 ஆகும்போது திரும்புவதா தங்குவதா என்று இன்னொரு முறை உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். அப்போதும் இதே தூக்கமின்மை இருக்கும். அதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

தமிழைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கே உங்கள் மகனுக்குப் பள்ளியிலேயே தமிழ் இருக்கிறது. அங்கே வார இறுதியில் பெற்றோர்கள் சேர்ந்து நடத்தும் வகுப்புதான். நல்ல வகுப்புகள், நானே மெல்பர்னில் இரண்டு ஆண்டு கரும்பலகை முன்னால் நின்றிருக்கிறேன். ஆனால் திரும்பி வந்து தொடக்கநிலை 5-இல் உட்காரும் பிள்ளைக்கு அது போதாது. திரும்பும் எண்ணம் இருந்தால் வீட்டில் தமிழ்ப் பேச்சு நிற்கக் கூடாது. அதற்கும் இத்தனை நாள் பாட்டிதான் இருந்தார்.

அந்தப் பாட்டியிடம் வருவோம். ரஜூலா கப்பலைச் சொல்லி அவர் உங்களை வாழ்த்தியனுப்புவதாக நினைக்கிறீர்கள். இருக்கலாம். அந்தக் கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாக இங்கே வந்துகொண்டிருந்த காலத்தில், வந்தவர்கள் ஊரில் விட்டுவந்த அம்மாக்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உங்கள் மாமியார் அப்படி விட்டுவரப்பட்ட ஓர் அம்மாவின் பேத்தி. அவருக்கு அந்தக் கதையின் மறுபாதியும் தெரிந்திருக்கும். கணவர் இல்லாத நேரமாகப் பார்த்து, கோப்பி போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். "அத்தை, நாங்க போனா உங்களுக்கு ஊசி போடறது யார்? டாக்டர்கிட்ட யார் கூட்டிட்டுப் போறது?" என்று நேராகக் கேளுங்கள். போகலாமா என்று கேட்காதீர்கள். கேட்டால் அவர் மறுபடியும் கப்பலைத்தான் சொல்வார்.

ஒரு நல்ல செய்தி, பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம். கோடைக்கு மணியை மாற்றும் வழக்கமும் அங்கே இல்லை. விமானத்தில் 5 மணி நேரம். பாட்டி இரவு எட்டு மணிக்குக் கதை சொன்னால் அங்கேயும் எட்டு மணிதான். நான் தொலைபேசி அட்டையைச் சுரண்டி எண்ணை அழுத்திக்கொண்டிருந்த காலத்தை நினைத்தால் உங்கள்மேல் பொறாமையாக இருக்கிறது. போவதாக முடிவானாலும் ஈசூன் வீட்டை மட்டும் விற்காதீர்கள். அது மாமியார் இருக்கும் வீடு, நீங்கள் திரும்பினால் இறங்கும் வீடு. தனியாக இருக்கிறாரே என்று அவரை மைத்துனர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஓர் அறையைப் பூட்டி மற்ற அறைகளை வாடகைக்கு விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வீவக அதை முழு வீட்டை வாடகைக்கு விட்டதாகத்தான் பார்க்கும், அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

ஆக, மாத இறுதியில் என்ன சொல்வது? கணவர் அந்த நிறுவனத்திடம் ஒன்றே ஒன்று கேட்கட்டும்: பெர்த் அலுவலகத்திலேயே வேலை உண்டா, இல்லையென்றால் குறைந்தது 8 நாள் வேலை, 6 நாள் வீடு என்று மாற்றித் தருவார்களா? நகர வேலை தருகிறோம் என்றால், உங்கள் பதிவு கைக்கு வரும்வரை அவர் முன்னால் போகட்டும், நீங்கள் பின்னால் போங்கள். மாற்ற முடியாது என்றால் இந்த வேலையை விட்டுவிடுங்கள். ஆஸ்திரேலியாவை விடச் சொல்லவில்லை. இந்த வேலையை மட்டும். பதிவுக்கான விண்ணப்பத்தை எந்தப் பதில் வந்தாலும் நீங்கள் போட்டுவிடுங்கள்.

கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டலாம். கோபம் வந்தால் என்மேல் வரட்டும், எனக்குப் பழக்கம்தான். அப்புறம், மகனின் டியூஷனில் ஒரு நாளையாவது இந்த வாரமே நிறுத்திவிட்டுப் பையனைக் கீழே விளையாட அனுப்புங்கள். அதற்கு விசா தேவையில்லை.