ஓடிப்போய் ஒரு கை கொடுத்துவிட்டு வருவது: கேள்வி பதில்

கும்பகோணத்தில் ஞாயிறுதோறும் விடிகாலையில் ஓடிப்போய், ஏதாவது ஒரு ஊர் வேலை செய்துவிட்டு, ஓடியே வீடு திரும்பும் சின்னக் கூட்டம் எங்களுடையது. ஆறு வருஷமாக அதில் இருக்கிறேன். சுற்றுப்பட்ட ஊர்களில் இதேபோல் ஆரம்பிக்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அண்ணா, பஸ்ஸைப் பிடிக்க ஓடியதோடு சரி. வயது 42, தொப்பை வேறு. வேலைக்கு மட்டும் வண்டியில் வந்துவிடட்டுமா? (மளிகைக் கடைக்காரர், மன்னார்குடி)

வாங்க, யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் ஒரு மாதம் இப்படிச் செய்து பாருங்கள்: ஒரு நிமிஷம் மெதுவோட்டம், இரண்டு நிமிஷம் நடை, இப்படி இருபது நிமிஷம், வாரத்தில் மூன்று நாள். ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். எங்கள் ஓட்டம் போக இரண்டு கிலோமீட்டர், வர இரண்டு. கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் வேலையைத் தொடங்குவோம். அதனால் முதலில் வந்தவருக்குப் பெருமையெல்லாம் கிடையாது, காத்திருப்புதான்.

இது வெளிநாட்டுப் பழக்கம்தானே? (கல்லூரி மாணவர், திருவாரூர்)

ஓடிக்கொண்டே குப்பை பொறுக்கும் 'பிளாக்கிங்' 2016 வாக்கில் ஸ்வீடனில் பரவியது. 2019 அக்டோபரில் பிரதமர் மாமல்லபுரம் கடற்கரையில் குப்பை பொறுக்கியபோது நம் டீக்கடைகளிலும் அந்தச் சொல் அடிபட்டது. லண்டனில் 'குட்ஜிம்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. ஓடிப்போய்த் தோட்ட வேலை, சாமான் சுமப்பது என்று செய்வார்கள். தனியாக இருக்கும் ஒரு பெரியவரை வாராவாரம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டும் வருவார்கள். அந்தப் பெரியவரைத்தான் அங்கே 'கோச்' என்கிறார்கள். அவர் காத்திருக்கிறார் என்பதால் ஓடுகிறவர் படுத்துத் தூங்க முடியாது! எனக்கு அதில் பிடித்ததே இந்த யோசனைதான். மற்றபடி ஊர் கூடிக் குளம், வாய்க்காலைச் சீர் செய்வதற்குக் குடிமராமத்து என்று பேர் வைத்தவர்கள் நாம். ஷூ மட்டும்தான் புதிது.

என்ன வேலை எடுத்துக்கொள்வது? நாங்கள் மரக்கன்று நட்டோம், ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. (ஆசிரியை, பாபநாசம்)

டீச்சர், மரக்கன்று நடுவது ஒரு நாள் வேலை, தண்ணீர் ஊற்றுவது இரண்டு வருஷ வேலை. எங்கள் கணக்கு ஒன்றுதான்: முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டும், அன்றே முடிய வேண்டும்.

டெல்டாவில் வேலையைத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். மாசி முதல் வைகாசி வரை வாய்க்கால் காய்ந்து கிடக்கும். மதகு வாயில் சிக்கிய பாட்டில், பழைய சேலை, தெர்மோகோல் எல்லாம் எடுப்பது அப்போதுதான். தண்ணீர் வந்துவிட்டால் வாய்க்காலுக்குள் இறங்குவதில்லை. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும், அதைப் பொறுக்கிக் குளக்கரையில் பத்தடிக்கு ஒன்றாக விதை ஊன்றுவோம். அடுத்து வரும் அடைமழையே அதற்குத் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் வெளி வேலை ஓடாது, பெரியவர்கள் வீட்டுக்குப் போவோம்.

ஒரு அம்மா, எண்பதைத் தாண்டியவர். பிள்ளைகள் வெளியூர். முதல் தடவை போனபோது பரணிலிருந்து ஒரு அண்டாவை இறக்கச் சொன்னார். அடுத்த வாரம் அதை மேலே ஏற்றச் சொன்னார். மூன்றாவது வாரம் மறுபடி இறக்கச் சொன்னபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. இப்போது அண்டா கீழேயே இருக்கிறது, நாங்கள் காபி குடித்துவிட்டு வருகிறோம். ஒரு வாரம் தவறினால், "ஏம்ப்பா, கால்ல சுளுக்கா?" என்று கேட்பார்.

நூறு நாள் வேலைக்காரர்கள் பிழைப்பில் கை வைக்கிறீர்களோ? (விவசாயத் தொழிலாளி, நீடாமங்கலம்)

நியாயமான கேள்வி ஐயா, இதை எங்களிடம் யாரும் கேட்டதில்லை என்பதே தப்பு. தூர் வாருவது, கரை கட்டுவது, களையெடுப்பது போன்ற கூலி வேலை எதையும் நாங்கள் தொடுவதில்லை. சாக்கடையிலும் இறங்குவதில்லை, யாரையும் இறங்கச் சொல்வதுமில்லை.

அனுமதி வாங்க வேண்டுமா? (மயிலாடுதுறை)

கட்டாயம். குளம் பஞ்சாயத்துடையதா, கோயிலுடையதா, தனியாருடையதா என்று முதலில் கேளுங்கள். ஆற்றங்கரை என்றால் நீர்வளத்துறையிடம் கேட்க வேண்டும். அதைவிட முக்கியம், அங்கே பயிர் வைத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை. இது நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு ஆனி மாதம், அரசலாற்றிலிருந்து பிரியும் சின்ன வாய்க்கால் ஒன்றில் சேறும் வைக்கோலும் நாலு சாக்கு மூட்டையுமாக ஏதோ அடைத்துக்கொண்டு கிடந்தது. பத்துப் பேர் சேர்ந்து இழுத்துப் போட்டோம். தண்ணீர் பாய்ந்தது, கை தட்டினோம். மறுநாள் ஒருவர் விசாரித்துக்கொண்டே வந்தார். அது குப்பை இல்லை, நாற்றங்காலுக்குத் தண்ணீர் திருப்ப அவர் கட்டிய அணை. திட்டவில்லை. "படிச்ச புள்ளைங்க, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். நாலு பேர் அன்று சாயங்காலமே போய் மறுபடி கட்டிக்கொடுத்தோம். நாங்கள் கட்டியது ஒழுகியது, அவர் பிரித்துவிட்டுக் கட்டினார். அதற்கப்புறம்தான் தண்ணீர் வந்தால் வாய்க்காலைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தோம்.

பாம்பு பயம் இல்லையா? (திருத்துறைப்பூண்டி)

இருக்க வேண்டும். அறுப்பு சமயத்தில் எலி தேடிக் கண்ணாடி விரியன் வரும். குக்கர் சீறுவதுபோலச் சத்தம் கேட்டால் நின்று, வந்த வழியே பின்வாங்குங்கள். குப்பையைக் கையால் கிளறாமல் முதலில் கம்பால் புரட்டுங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் கூடாது. மோதிரம், மெட்டியைக் கழற்றி, கடிபட்ட இடத்தை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். போகும் வழியில் மந்திரிப்பவர் வீடு வேண்டாம்.

பாம்பைவிட நான் அதிகம் பயப்படுவது எலிக்காய்ச்சலுக்கு. எலி மூத்திரம் கலந்த தண்ணீர், காலில் சின்ன வெட்டுக்காயம், அது போதும். காயத்தோடு தண்ணீரில் நிற்காதீர்கள். பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தேங்கிய தண்ணீரில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எனக்குச் சர்க்கரை, வயது 63. சேரலாமா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்)

மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள் சார். நடந்தே வரலாம். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் ஓடிவந்து மண்வெட்டி பிடித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம், அதனால் சட்டைப் பையில் குளுக்கோஸோ கடலை மிட்டாயோ இருக்கட்டும். வீடு திரும்பியதும் உள்ளங்காலை ஒரு தடவை பாருங்கள், முள் குத்தியது தெரியாமல் போகலாம்.

புடவை கட்டிக்கொண்டு ஓட முடியாது, டிராக் பேன்ட் போட்டால் தெருவே பார்க்கும். என்ன செய்ய? (இல்லத்தரசி, வலங்கைமான்)

இதை எங்கள் குழு அக்கா ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்னது அப்படியே: "சுடிதார் போதும், துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொள். தனியாக ஓடினால் தெரு பார்க்கும், மூணு பேராக மண்வெட்டியோட ஓடினால் எங்க போறீங்கன்னுதான் கேட்கும்." இருட்டில் பெண்கள் தனியாக வராமல், அவரவர் தெருவிலிருந்து சேர்ந்து வருவது எங்கள் வழக்கம். ஆண்களும் அப்படித்தான் வருகிறார்கள், நாய்களுக்குப் பயந்து.

ஓடிவிட்டு வேலை செய்தால் முதுகு பிடிக்கிறதே? (பட்டுக்கோட்டை)

குனிந்து தூக்கினால் பிடிக்கும், உட்கார்ந்து தூக்குங்கள். ஆகாயத்தாமரையை இழுத்தவுடன் சுமக்காதீர்கள். அதில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். கரையில் போட்டுவிட்டு அடுத்த வாரம் போனால் பாதிப் பேர் போதும். ஐந்து நிமிஷம் நடந்துவிட்டுத் திரும்பி ஓடுங்கள். வெயில் காலத்தில் கிளம்பும் முன் ஒரு சொம்பு உப்புப் போட்ட நீராகாரம், அதைவிட நல்லதை எந்தக் கடையிலும் நான் பார்க்கவில்லை.

டி-ஷர்ட், பேனர் செலவுக்கு யாரைப் பிடிப்பது? (நாகப்பட்டினம்)

யாரையும் பிடிக்காதீர்கள்.

இந்த ஞாயிறு வரலாமா? என்ன கொண்டுவர? (தாராசுரம்)

வாங்க தம்பி. மகாமகக் குளம் கீழ்க்கரை, ஐந்தேகால். பழைய ஷூ போதும், களிமண் ஒட்டினால் புதுசு வீணாகும். கையுறை இருந்தால் எடுத்து வாருங்கள். உங்கள் வீட்டில் உயரமான ஸ்டூல் இருக்கிறதா? அந்த அம்மா வீட்டில் டியூப்லைட் போய்விட்டதாம், அண்டாமேல் ஏறி மாட்டப் பார்த்திருக்கிறார்.