மாப்பிள்ளை ஜீப்பும் என் பூண்டும்

கேள்வி: எனக்குப் பூண்டு விவசாயம். தங்கச்சி வீட்டுக்காரர் டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறார். வெளியூர் வண்டிகள் மலைக்கு வர ஆன்லைனில் முன்கூட்டி வாங்கும் இ-பாஸ் வேண்டும் என்று நானும் வேண்டாம் என்று மாப்பிள்ளையும் கிராம சபையில் சத்தம் போட்டுவிட்டோம். ஊர் மானம் போகிறது, ஏகமனதாகத் தீர்மானம் எழுதுங்கள் என்று பெரியவர்கள் அடக்கிவிட்டார்கள். எதுவரை எதிர்க்கலாம், எங்கே ஒத்துப்போக வேண்டும்? – ஒரு வாசகர், பூம்பாறை (கொடைக்கானல் மலை)

பதில்: சத்தம் போட்டதில் தப்பே இல்லை, கிராம சபை அதற்குத்தான். எனக்கு வருத்தம் பெரியவர்கள் மேல்.

உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. மாப்பிள்ளைக்குச் சவாரி குறையும், உங்கள் மூட்டையோ வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்குச் சீக்கிரம் போய்ச் சேரும். ரெண்டுமே வயிற்றுப்பாடு, அதில் ஒன்றைத் தீர்மான நோட்டில் எழுதாமல் விட்டால் திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸில் அதைப் படிக்கிறவருக்கு உங்கள் ஊரில் ஜீப்பே ஓடவில்லை என்றுதானே தோன்றும்? ஆதரவு இத்தனை பேர், எதிர்ப்பு இத்தனை பேர், காரணம் இது என்று எழுதச் சொல்லுங்கள்.

ஒத்துப்போக வேண்டியது நடைமுறையில். பேசுகிறவரை முடிக்க விட வேண்டும், கை எண்ணிக்கையை ஏற்க வேண்டும். தோற்றால் மாப்பிள்ளை செக்போஸ்ட்டில் ரகளை பண்ணக் கூடாது, ஜெயித்தால் நீங்கள் அவர் வாயை அடைக்கக் கூடாது. வருஷத்துக்கு 6 கிராம சபை இருக்கிறது, அடுத்ததில் அவர் மறுபடி கேட்கட்டும்.

அரைகுறை உடன்பாடும் கேவலமில்லை, ஆனால் அதை மறுபடி திறக்க வழி இருக்க வேண்டும். 1949-ல் அரசியல் நிர்ணய சபை ஆட்சிமொழிச் சண்டையில் மாட்டிக்கொண்டு, இந்தி ஆட்சிமொழி, 15 வருஷத்துக்கு ஆங்கிலமும் இருக்கட்டும் என்று சபை உறுப்பினர்கள் கே.எம். முன்ஷியும் கோபாலசாமி அய்யங்காரும் முன்வைத்த ஏற்பாட்டில் வந்து நின்றது. கெடு முடிந்த 1965-ல் தமிழ்நாடு கொதித்தது, உயிர்களும் போயின. அதற்கப்புறம்தான், இந்தியை ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் எல்லாம் சம்மதிக்கிறவரை ஆங்கிலம் தொடரும் என்று 1967-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். எதிர்ப்பு இல்லாமல் அந்தத் திருத்தம் வந்திருக்குமா?

சரி, குப்பை, தண்ணீர், சீசன் டிராபிக் மூன்றிலும் நீங்கள் இருவரும் ஒரே கட்சியாகத்தான் இருப்பீர்கள். அதற்குத் தனித் தீர்மானம் போட்டுவிட்டு, வண்டி எண்ணிக்கையை மட்டும் சண்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், இந்தக் கோபத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குச் சாப்பிடப் போகாமல் இருந்துவிடாதீர்கள், தங்கச்சி என்ன பாவம் செய்தாள்?