‘செய்யலாமா?’ என்று ஏஜென்ட் கேட்டால்: வாசகர் கேள்விகள்

கோட் எழுதும் ஏஐ ஏஜென்ட் (நமக்காகக் கணினியில் தானே வேலைகளைச் செய்யும் மென்பொருள்) ஒவ்வொரு கட்டளைக்கும் அனுமதி கேட்கிறது. முதல் நாள் எல்லாவற்றையும் படித்தேன். இப்போது கை தானாக என்டரைத் தட்டுகிறது. ஆபத்தா?

ஆபத்துதான், ஆனால் உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. எனக்கும் நடந்திருக்கிறது. நாற்பது முறை ‘ஃபைலைப் படிக்கலாமா’ என்று கேட்டுவிட்டு, அடுத்த முறை ‘இந்த ஃபோல்டரை அழிக்கலாமா’ என்றால் அதற்கும் என்டர்தான் விழும். 2022 செப்டம்பரில் ஊபரின் கணினிகளுக்குள் ஒருவர் நுழைந்தது ஏறக்குறைய இப்படித்தான். ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு லாகின் அனுமதிக் கோரிக்கைகள் திரும்பத் திரும்ப வந்தன. கடைசியில் அவர் ஒன்றை ஏற்றுக்கொண்டார்.

முதலில் கேள்விகளைக் குறையுங்கள். படிப்பது, தேடுவது, டெஸ்ட் ஓட்டுவது ஆகியவற்றுக்கு ஒரேயடியாக அனுமதி கொடுத்துவிடலாம். அதைவிட நல்லது சாண்ட்பாக்ஸ். குறிப்பிட்ட ஃபோல்டருக்கு வெளியே எழுத முடியாது, குறிப்பிட்ட தளங்களைத் தவிர நெட்டில் எங்கும் போக முடியாது என்று வேலி போட்டுவிட்டால், உள்ளே நடப்பதற்கெல்லாம் உங்களைக் கேட்க வேண்டியதில்லை. கோட் எழுதும் ஏஜென்டான கிளாட் கோடில் இப்படிச் செய்தபோது தங்கள் உள்பயன்பாட்டில் அனுமதிக் கோரிக்கைகள் 84 சதவீதம் குறைந்ததாக அதை உருவாக்கிய ஆந்த்ரோபிக் 2025இல் சொன்னது. மிஞ்சுகிற கொஞ்சத்தை நீங்கள் நிச்சயம் படிப்பீர்கள்.

எதையுமே கேட்காமல் ஓடவிடும் ஆப்ஷனும் கிளாட் கோடில் உண்டு. அதன் பெயரிலேயே ‘டேஞ்சரஸ்லி’ என்று வைத்திருக்கிறார்கள். போனால் போகட்டும் என்கிற கண்டெய்னருக்குள் (கணினியின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்து வைத்த சூழல்) மட்டும் அதைத் தொடுங்கள்.

எதற்குக் கேட்க வேண்டும், எதற்கு வேண்டாம்?

திருப்பிச் சரிசெய்ய முடியுமா, வெளியாளிடம் போய்ச் சேருமா என்று பார்ப்பேன். மெயில் டிராஃப்ட் எழுத ஒப்புதல் வேண்டாம், அனுப்ப வேண்டும். பணம் என்றால் ஆட்டோபே ஏற்பாட்டைப் பாருங்கள். ரிசர்வ் வங்கி 2022 ஜூனில் உயர்த்திய வரம்புப்படி, மாதாமாதம் பிடிக்கும் 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. ஆனால் முதலில் பதிவு செய்யும்போது தேவை. பணம் பிடிக்க 24 மணி நேரம் முன்பே தகவலும் வர வேண்டும். ஏஜென்டுக்கும் இதே மாதிரி அமைக்கலாம். கூடவே ஒரு நாளுக்கான மொத்த வரம்பையும் வையுங்கள். இல்லாவிட்டால் 14,999ஆகப் பத்து முறை போகும்.

‘வாடிக்கையாளருக்கு ரீஃபண்ட் தரலாமா? ஆம் / இல்லை.’ எங்கள் மேலாளர்கள் இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் ஒப்புதல் தருகிறார்கள். போதுமா?

போதாது. அந்த வரியை எழுதியதே ஏஜென்ட்தானே! வங்கியில் மேக்கர் ஒரு என்ட்ரி போட்டுவிட்டு ‘எல்லாம் சரியா இருக்கு சார்’ என்றால், அதைச் சரிபார்க்கும் செக்கர் உடனே பாஸ் பண்ணிவிடுவாரா? வவுச்சரைப் பார்ப்பார். அதுபோல எந்தக் கணக்கு, எவ்வளவு, யாருக்கு என்ற விவரங்களை, ஏஜென்ட் பேமென்ட் மென்பொருளுக்கு அனுப்பவிருக்கும் கட்டளையிலிருந்தே நேராக எடுத்துத் திரையில் காட்டுங்கள். ஏஜென்ட் படித்த ஏதோ ஒரு மெயிலுக்குள் யாராவது கட்டளையை ஒளித்து வைத்திருந்தால் (பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன் என்பது இதுதான்), ஏஜென்ட் எழுதும் சுருக்கமும் அதற்கேற்ப அழகாகவே இருக்கும்.

இன்னொன்று, காட்டியதுதான் ஓட வேண்டும். சர்வர்களை அமைக்க உதவும் டெராஃபார்மில், என்ன மாறப்போகிறது என்ற பிளானை ஃபைலாகச் சேமித்து அதே ஃபைலை அப்ளை செய்வார்கள், அந்த மாதிரி. ஒப்புதலுக்குப் பிறகு தொகை ஒரு ரூபாய் மாறினாலும் பழைய ஒப்புதல் செல்லாது என்று வையுங்கள்.

‘கேட்காமல் எதையும் மாற்றாதே’ என்று ஏஜென்டுக்குக் கொடுக்கும் பிராம்ப்டிலேயே எழுதிவிட்டேன். சரிதானே?

2025 ஜூலையில், கோட் எழுதும் தளமான ரீப்ளிட்டின் ஏஜென்டிடமும் ஒரு தொழிலதிபர் அப்படித்தான் சொல்லியிருந்தார். அது பயன்பாட்டில் இருந்த டேட்டாபேஸையே அழித்தது. மீட்க முடியாது என்றும் சொன்னது. ரோல்பேக் செய்து (பழைய நிலைக்குத் திருப்பி) பார்த்தால் எல்லாம் திரும்பி வந்தது! அதற்குப் பிறகு ரீப்ளிட், சோதனை டேட்டாபேஸையும் நிஜ டேட்டாபேஸையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நீங்களும் ஏஜென்ட் பயன்படுத்தும் டேட்டாபேஸ் யூசர் கணக்குக்கு அழிக்கும் உரிமையே இல்லாமல் செய்துவிடுங்கள்.

ஏஜென்ட் கட்ட உதவும் லாங்கிராஃபில் இன்டரப்ட் (வேலையை இடையில் நிறுத்தும் வரி) வைத்து ஒப்புதலுக்காக நிறுத்துகிறேன். ஒப்புதல் தந்ததும் வாடிக்கையாளருக்கு அதே மெயில் இரண்டாவது முறை போகிறது. ஏன்?

நிறுத்திய வரியிலிருந்து அது தொடராது, அந்த நோடு (வேலையின் ஒரு படி) தன் முதல் வரியிலிருந்து மறுபடி ஓடும். மெயில் அனுப்பும் வரி இன்டரப்டுக்கு மேலே இருக்கும், பாருங்கள். அதைக் கீழே இறக்குங்கள், இல்லையென்றால் தனி நோடாக்குங்கள். அப்புறம், நிறுத்திய நிலையைச் சேமித்து வைக்கும் செக்பாயின்டரை வெறும் மெமரியில் வைக்காதீர்கள். சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் காத்திருக்கும் கோரிக்கைகள் எல்லாம் காணாமல் போகும்.

இரவு 2 மணிக்குக் கோரிக்கை வந்து யாரும் பதில் சொல்லாவிட்டால்?

‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளட்டும். கோரிக்கைக்குக் காலாவதி நேரமும் வையுங்கள். காலை காபியோடு நீங்கள் ஓகே அழுத்தும்போது ராத்திரி நிலவரத்துக்கான வேலை ஓடக்கூடாது. ஏஜென்ட் மறுபடி நிலைமையைப் பார்த்துப் புதிதாகக் கேட்க வேண்டும்.