மக்னீசியத்தில் ஹைட்ரஜன்: கேள்வி பதில்

(ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர், எல்லாம் தென்னாப்பிரிக்கா.)

சாட்ஸ்வொர்த்: ஹைட்ரஜனைச் சேமிக்க சிலிண்டர் இருக்கும்போது மக்னீசியத் தூள் எதற்கு, அண்ணா?

இடம் மிச்சம். 700 பார் (காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 700 மடங்கு) அழுத்தத்தில் அடைத்தாலும் ஒரு கன மீட்டரில் சுமார் 40 கிலோ ஹைட்ரஜன்தான் அடங்கும், திரவமாக்கினால் 71. மக்னீசியம் ஹைட்ரஜனை உறிஞ்சி உருவாகும் மக்னீசியம் ஹைட்ரைடில் ஏறத்தாழ 110. எடையில் 7.6 சதவீதம். ஹைட்ரஜனை உறிஞ்சும் இன்னொன்றான லாந்தனம்-நிக்கல் கலவையில் 1.4தான்.

பீனிக்ஸ், மாணவி: மக்னீசியத் துகள் பாதி ஹைட்ரஜனை உறிஞ்சியதும் நின்றுவிடுகிறதே, ஏன்?

இதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும், தங்கச்சி. ஹைட்ரஜன் மூலக்கூறு மேற்பரப்பில் இரண்டு அணுக்களாகப் பிரிந்தால்தான் உள்ளே போக முடியும். மக்னீசியம் அந்த வேலையில் மந்தம். மேலே ஆக்சைடு படிந்திருந்தால் இன்னும் மோசம். உள்ளே போய்விட்ட அணு உலோகத்தில் விறுவிறுவென்று நகரும். ஆனால் ஓரத்தில் ஹைட்ரைடு உருவானதும், அதற்குள் விரவல், அதாவது அணு ஊடுருவி நகர்வது, பல மடங்கு மெதுவாகிவிடும். துகளைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ள, நடுவில் உலோகம் அப்படியே தங்கிவிடுகிறது. அழுத்தத்தை ஏற்றினால் தீரும் என்று எண்ணாதீர்கள், ஓடு இன்னும் சீக்கிரம் மூடும். ஆகவேதான் உருண்டைகள் மோதி அரைக்கும் பால் மில்லில் (ball mill) அரைத்து, அணு கடக்க வேண்டிய தூரத்தைக் குறைக்கிறோம். வினையூக்கியாக நயோபியம் ஆக்சைடோ டைட்டானியமோ கொஞ்சம் சேர்த்தால் மேற்பரப்பு வேலையும் எளிதாகும். அரைத்த தூளை ஆர்கான் வாயு நிரப்பிய மூடிய பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள். தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: வினையூக்கி போட்டால் 200 டிகிரியிலேயே வாயு வருவதாகக் கட்டுரைகள் சொல்கின்றன. 280 டிகிரி வேண்டும் என்பது பழைய கதை இல்லையா?

இல்லை ஐயா. வினையூக்கி வேகத்தைத்தான் மாற்றும். சமநிலையை, அதாவது எந்த வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தம் கிடைக்கும் என்பதை, மாற்றாது. ஒரு மோல் ஹைட்ரஜனை விடுவிக்க ஏறக்குறைய 75 கிலோஜூல் வேண்டும். அதனால் 1 பார் அழுத்தம் கிடைப்பது 280 டிகிரி செல்சியஸ் அருகில்தான். 200இல் அது 0.1 பாருக்கும் கீழே. வெற்றிடத்திலோ ஆர்கான் ஓட்டத்திலோ சோதிக்கும்போது, வரும் வாயுவை உடனுக்குடன் அகற்றிவிடுவதால் வெளியேறுகிறது. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்துக்கு அந்த அழுத்தம் போதாது.

மீண்டும் அவரே: நிக்கல் சேர்த்தால் வெப்பநிலை குறைகிறதே!

அது வினையூக்கியாக நிற்கவில்லை, வேறு சேர்மமாகிவிட்டது. 1968இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஆய்வாளர்கள் ரெய்லியும் விஸ்வாலும் காட்டிய மக்னீசியம்-நிக்கல் ஹைட்ரைடு அது. விடுவிக்க வேண்டிய வெப்பம் 65 கிலோஜூல் அளவுக்கு இறங்கும், கொள்ளளவும் 3.6 சதவீதமாகச் சரியும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றைப் பெறுகிறோம்.

டோங்காட், இடையில்: துகள் நானோ அளவில் இருந்தால் அந்த வெப்பமே குறையும் என்கிறார்களே?

சில நானோமீட்டருக்கும் கீழே போனால் குறையலாம். சாதாரண அரைவையில் அந்த அளவு வராது. வந்தாலும் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது துகளின் படிக மணிகள் வளர்ந்துவிடும். வேகத்தையும் சமநிலையையும் குழப்பினால் வடிவமைப்பே தவறிவிடும், அதனால்தான் இவ்வளவு வாதாடுகிறேன்.

மெரிபேங்க்: காரில் வைக்கலாமா?

விடுவிக்க வேண்டிய அதே வெப்பம் ஏற்றும்போது வெளிவரும். 5 கிலோ ஹைட்ரஜனை ஐந்து நிமிடத்தில் ஏற்றினால் 600 கிலோவாட்டுக்கும் மேல் வெப்பம் கிளம்பும். முந்நூறு மின்கெண்டிகள் ஒரே நேரத்தில் கொதிப்பதற்குச் சமம். அதை எப்படி வெளியேற்றுவது என்பதுதான் கேள்வி. ஸ்பிரிங்ஸ் பிளாட்டினம் சுத்திகரிப்பு ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் என்னும் சுமைதூக்கி வண்டி ஹைட்ரைடில் ஓடியிருக்கிறது; பெல்வில்லில் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தின் ஹைசா (HySA) என்னும் ஹைட்ரஜன் ஆய்வுக் குழு செய்தது. அது அறை வெப்பநிலையில் இயங்கும் வேறு உலோகக் கலவை. கனமானது, ஆனால் ஃபோர்க்லிஃப்டுக்குப் பின்பாரம் எப்படியும் தேவை.

ஜோகன்னஸ்பர்க்: பிளாட்டினம் பங்கு வாங்கலாமா?

என் துறை இல்லை. முதலீட்டு ஆலோசகரைக் கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த், வேறொருவர்: லோட்ஷெடிங் (மின்வெட்டு) வந்தால் சமாளிக்க வீட்டிலேயே இப்படி ஒரு ஹைட்ரைடு கலன் செய்யலாமா?

கூடாது. மறுபடியும் மறுபடியும் இதே கேள்வி, பதிலும் இதே.

பீனிக்ஸ், பள்ளி ஆய்வக உதவியாளர்: மக்னீசியத் தூள் பற்றிக்கொண்டால்?

தண்ணீர் ஊற்றாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு அணைப்பானும் வேண்டாம், மக்னீசியம் அதிலும் எரியும். காய்ந்த மணலைப் போட்டு மூடுங்கள், அல்லது உலோகத் தீக்கான டி வகை அணைப்பானைப் பயன்படுத்துங்கள். உங்கள் ஆய்வகத்து மணல் வாளி ஈரமில்லாமல் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.