கவுண்ட் ஏறிவிட்டது, அப்புறமும் கல்யாணத்துக்குப் போகக் கூடாதா?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. அக்யூட் மைலாய்டு லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்து, கீமோ முடிந்து, ஏழு மாதத்துக்கு முன் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்தது. நான்தான் ஸ்டெம் செல் கொடுத்தேன், முழுப் பொருத்தம் என்றார்கள். இப்போது அவனுக்கு வெள்ளையணு 6,200, ரிப்போர்ட்டில் எல்லாமே நார்மல். ஆனாலும் கூட்டத்துக்குப் போகாதே, அடுத்த மாதம் நடக்கும் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கும் வேண்டாம் என்கிறார் டாக்டர். குழந்தைக்குப் போடும் தடுப்பூசியெல்லாம் திரும்ப முதலிலிருந்து போட வேண்டுமாம். எனக்குச் சின்ன வயதில் எல்லா ஊசியும் போட்டாயிற்று, என் செல்தானே அவனுக்குள் இருக்கிறது, அப்புறம் ஏன்? எதிர்ப்பு சக்தி கூடுவதற்குத் தினமும் ஏதாவது கசாயம் கொடுக்கலாமா? வீட்டில் என் பத்து மாதக் குழந்தையும் இருக்கிறது.

பதில்: ரிப்போர்ட்டின் முதல் வரியோடு நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். 6,200 என்பது வெறும் தலைக்கணக்கு. நீங்கள் அனுப்பிய படத்தில் அதற்குச் சற்றுக் கீழே பாருங்கள், நியூட்ரோஃபில் 74, லிம்போசைட் 14 என்று வெள்ளையணுவின் வகைகளுக்குச் சதவீதம் போட்டிருக்கிறது. கணக்குப் போட்டால் லிம்போசைட் 868தான் வருகிறது, அதிலும் டி செல் எத்தனை, பி செல் எத்தனை, அவற்றில் புதிதாகப் பிறந்தவை எத்தனை என்று அந்த மெஷினுக்குத் தெரியாது. உங்கள் டாக்டர் பயப்படுவது அந்த 868-ஐப் பார்த்துத்தான்.

உங்களிடமிருந்து எடுத்த பையைப் பார்த்திருப்பீர்கள், தக்காளி ரசம் போன்ற நிறத்தில் ஒரு சின்னப் பை. நான்கைந்து நாள் ஊசி போட்டு, எலும்பெல்லாம் வலிக்க வலிக்க, மெஷினோடு சில மணி நேரம் உட்கார வைத்து எடுத்திருப்பார்கள். மஜ்ஜைக்குள் இருக்கும் சில செல்கள் ஒரு வேதிப்பொருளைக் கசியவிட்டு, எல்லா ரத்த அணுக்களுக்கும் தாயான ஸ்டெம் செல்களைத் தங்கள் பக்கத்திலேயே பிடித்து வைத்திருக்கும். அந்த ஊசி அந்தப் பிடியைத் தளர்த்திவிடும், உடனே அவை ரத்தத்துக்கு வந்துவிடும். தம்பிக்கு அதைச் சாதாரணமாக ரத்தம் ஏற்றுவது போலக் கையிலோ கழுத்திலோ இருக்கும் குழாய் வழியாகத்தான் ஏற்றுகிறோம், எலும்பில் யாரும் ஊசி குத்துவதில்லை. அதே கசிவைப் பிடித்துக்கொண்டு அவை தாமாகவே எலும்புக்குள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. நாற்று நட்ட பிறகு நாலு நாள் வாடிக் கிடந்து அப்புறம் பச்சை பிடிக்கும் அல்லவா, அதேதான். வார்டில் நாங்கள் 'கிராஃப்ட் பிடிச்சிருச்சு' என்று சொல்வதும் அதைத்தான், நியூட்ரோஃபில் தொடர்ந்து மூன்று நாள் 500-க்கு மேல் நின்றால் சொல்வோம்.

ஒரே செல்லிலிருந்து இத்தனை வகை ரத்த அணுக்கள் வர முடியும் என்பதே 1961-இல்தான் பிடிபட ஆரம்பித்தது. டொராண்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லாக் என்ற இருவர் கதிர்வீச்சு கொடுத்த எலிகளுக்கு மஜ்ஜையை ஏற்றிவிட்டுப் பத்து நாள் கழித்துத் திறந்து பார்த்தார்கள். மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள், ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு செல்லின் வம்சம் என்று இரண்டு வருடத்தில் நிரூபித்தார்கள். ஸ்டெம் செல் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். எப்போதாவது பிரியும்போது ஒரு பங்கு ஸ்டெம் செல்லாகவே தங்கிவிடும், இன்னொரு பங்கு வேலைக்குக் கிளம்பும். நீங்கள் கொடுத்ததால் உங்களுக்குக் குறைந்துபோகாது என்று நாங்கள் தைரியமாகச் சொல்வது இதனால்தான்.

வேலைக்குக் கிளம்பியவை எல்லாம் ஒரே வேகத்தில் தயாராவதில்லை, உங்கள் கேள்விக்கு விடையே அங்கேதான் இருக்கிறது. நியூட்ரோஃபில் அவசரப் பிறவி, மஜ்ஜையிலேயே பத்துப் பன்னிரண்டு நாளில் தயாராகி வெளியே வந்து, கிடைத்த பாக்டீரியாவை விழுங்கிவிட்டுச் செத்துப்போகும். நன்றாக இருக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில் உற்பத்தியாகின்றன. தம்பிக்கு இரண்டு மூன்று வாரத்தில் கவுண்ட் ஏறியது என்றால் ஏறியது இவைதான். வைரஸ் பிடித்த செல்லைக் கொல்லும் என்.கே. செல்களும் ஒன்றிரண்டு மாதத்தில் வந்துவிடும்.

பி செல் அப்படியில்லை. ஆன்டிபாடி செய்கிற கூட்டம் இது. இந்த 'பி' என்ற எழுத்தே கோழியிடமிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா? கோழியின் பின்புறம் பர்சா என்று ஒரு பை உண்டு. அமெரிக்காவில் ஒரு மாணவர் வகுப்பில் செய்து காட்டுவதற்காகக் கோழிகளுக்கு ஊசி போட்டபோது சிலவற்றுக்கு ஆன்டிபாடியே வரவில்லை, விசாரித்தால் அவை புரூஸ் கிளிக் என்ற இன்னொரு மாணவர் தன் ஆராய்ச்சிக்காகப் பர்சாவை வெட்டி எடுத்து வைத்திருந்த கோழிகள். பெரிய பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது, கடைசியில் 1956-இல் ஒரு கோழிப் பண்ணை ஆய்விதழில்தான் வெளியானது. நமக்குப் பர்சா கிடையாது, மஜ்ஜையிலேயே பி செல் வளர்ந்துவிடும். மாற்று சிகிச்சைக்குப் பிறகு அது எண்ணிக்கையில் ஒழுங்காக வர ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வந்தாலும் நல்ல தரமான ஆன்டிபாடி செய்ய டி செல்லின் உதவி வேண்டும்.

அந்த டி செல்தான் பெரிய தலைவலி. அது மட்டும் மஜ்ஜையில் வளராது, சிறு வயதிலேயே ஊரை விட்டுக் கிளம்பி, ரத்தத்தில் மிதந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போயாக வேண்டும். லண்டனில் ஜாக் மில்லர் என்ற ஆராய்ச்சியாளர் 1961-இல், அப்போதுதான் பிறந்த எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துப் பார்த்துச் சொல்லும்வரை அது ஒன்றுக்கும் உதவாத உறுப்பு என்றே பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். அங்கே ஒவ்வொரு செல்லும் தன் மரபணுத் துண்டுகளை வெட்டி, கலைத்து, ஒட்டித் கிருமியை இனம் காணத் தனக்கென்று ஒரு தனி ஏற்பியைச் செய்துகொள்ளும். செய்தது உடம்பின் சொந்த அடையாளங்களைப் படிக்கத் தெரியாததாக இருந்தால் அந்த செல் சாகும். படித்துவிட்டுச் சொந்த உடம்பையே தாக்கப் பாய்கிறதாக இருந்தால் அதுவும் சாகும். உள்ளே போவதில் நூற்றுக்கு ஐந்துகூட உயிரோடு வெளியே வருவதில்லை. நீட் தேர்வெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

பத்து மாதக் குழந்தைக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால் இந்த தைமஸ் படகின் பாய் மாதிரி ஒரு நிழலாகத் தெரியும், புதிதாக வரும் ஹவுஸ் சர்ஜன்கள் இதயம் வீங்கியிருக்கிறது என்று பதறிப்போய்க் கூப்பிடுவார்கள். 34 வயதுக்காரருக்கு அந்த இடத்தில் இருப்பது பெரும்பாலும் கொழுப்புதான், வயது வந்ததிலிருந்தே அது சுருங்கிக்கொண்டு வருகிறது. அதன்மேல் கீமோவும் சேர்ந்திருக்கிறது. உங்கள் ஸ்டெம் செல் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் அதன் பிள்ளைகள் படிக்க வேண்டிய பள்ளிக்கூடம் தம்பியுடையது, அது பாதி இடிந்து கிடக்கிறது. அதனால்தான் பெரியவர்களுக்குப் புதிய டி செல்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று இழுக்கின்றன. சின்னக் குழந்தைகளுக்கு இது சீக்கிரம் சரியாகிவிடுகிறது. ஒரு விதத்தில் தம்பியை விட உங்கள் குழந்தை பலசாலி.

சரி, உங்கள் தடுப்பூசி எங்கே போயிற்று? ஊசியின் நினைவு ஸ்டெம் செல்லில் இல்லை, உங்கள் உடம்பில் முதிர்ந்து ஓரமாக உட்கார்ந்திருக்கும் நினைவு செல்களில் இருக்கிறது. பையில் அவற்றிலும் கொஞ்சம் போயிருக்கும், இன்று தம்பிக்கு இருக்கும் டி செல்களில் பல அவைதான். ஆனால் எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளுக்கு நடுவே அந்த நினைவு நிலைத்து நிற்பதில்லை, பழைய ஆன்டிபாடியும் வருடங்களில் வடிந்துவிடும். புதிதாகப் பிறப்பவை எந்தக் கிருமியையும் பார்த்ததில்லை. ஆகவே நிமோனியா, டிப்தீரியா, டெட்டனஸ், கக்குவான், ஹெபடைடிஸ் பி, போலியோ ஊசி என்று முதலிலிருந்துதான். தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமி ஊசிகள் மட்டும் இரண்டு வருடம் முடிந்து, அடக்கும் மாத்திரையும் நின்ற பிறகுதான். கேட்காமல் யாரும் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இன்று தம்பியின் ரத்தத்தை எடுத்துக் குரோமோசோம் பார்த்தால் எக்ஸ் எக்ஸ், பெண் என்று வரும், அக்காவான உங்கள் செல் அல்லவா. இரண்டு பேருக்கும் ரத்த குரூப் வேறாக இருந்திருந்தால் அதுவும் உங்கள் குரூப்பாக மாறியிருக்கும், சிவப்பணுவின் ஆயுள் 120 நாள்தானே. பழைய அட்டையை நம்பி யாரும் ரத்தம் ஏற்றிவிடக் கூடாது, பர்ஸில் புதிய அட்டை இருக்கட்டும்.

கசாயம் வேண்டவே வேண்டாம். எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிறேன் என்று விற்கும் எதையும் இவருக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் செல்கள் தம்பியின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமாகப் பார்த்துத் தாக்கிவிடக் கூடாது என்றுதான் டாக்டர் அடக்கும் மாத்திரை கொடுக்கிறார், நீங்கள் இந்தப் பக்கம் கூட்டப் பார்த்தால் எப்படி? அந்த மாத்திரைகளின் ரத்த அளவும் கண்ட மூலிகையால் ஏறி இறங்கும். சூடாக வீட்டில் சமைத்த சாப்பாடு போதும். முளைகட்டிய பயறு, காய்ச்சாத பால், கடைச் சட்னி இப்போதைக்கு வேண்டாம். 100.4 டிகிரி காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால் போட்டு ஒரு ராத்திரி பார்க்கலாம் என்று உட்காராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த தடவை போகும்போது சிடி4 எண்ணிக்கை, அதாவது உதவிக்கு வரும் டி செல்களின் எண்ணிக்கை, எவ்வளவு என்று கேளுங்கள். 200-க்கு மேல் ஏறி, மாத்திரையும் குறைந்துகொண்டு வந்தால் டாக்டரே ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். அதுவரை மண்டபம் வேண்டாம். கல்யாணம் முடிந்த மறுவாரம், வீட்டில் நாலு பேர் இருக்கும்போது, யாருக்கும் சளி இருமல் இல்லை என்று கேட்டுக்கொண்டு, டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மொட்டைமாடியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வரட்டும்.

குழந்தை விஷயத்தில் ஒன்று முக்கியம். போலியோ சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ், குழந்தையின் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும். வீட்டில் மாற்று சிகிச்சை செய்தவர் இருக்கிறார் என்று குழந்தை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், சொட்டுக்குப் பதில் ஊசி போடலாமா என்று பார்ப்பார். ஏற்கெனவே சமீபத்தில் சொட்டு கொடுத்திருந்தால் ஒன்றரை மாதத்துக்கு மாமா டயப்பர் மாற்ற வேண்டாம், அந்த வேலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.