நான் மலையகத்தில் இருக்கிறேன். பெட்டைப் புறா ஓடு இல்லாத தோல் முட்டை இடுகிறது, சில நேரம் முட்டை வராமல் முக்குகிறது. என்ன தீனி கொடுக்கலாம்?

உங்கள் பெட்டை இப்போது கூட்டின் தரையில் இறகைச் சிலுப்பிக்கொண்டு, வாலை மேலும் கீழும் ஆட்டி முக்கிக்கொண்டிருந்தால் தீனிப் பேச்சு நாளைக்கு. ஒரு அட்டைப்பெட்டி எடுங்கள். போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி, துவாயில் சுற்றி உள்ளே வையுங்கள். அவளை அதன் பக்கத்தில் இருட்டாக விடுங்கள். விடிந்ததும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வயிற்றை அமுக்காதீர்கள். தயவுசெய்து அமுக்காதீர்கள்.

இரண்டு தடவை சொல்வதற்குக் காரணம், நான் அமுக்கியவன்.

2017இல் நடந்தது. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு. காசு சேர்த்து ஒரு ஜோடி வெள்ளை மயில்புறா வாங்கியிருந்தேன். குஞ்சுகளுக்கு நல்ல கிராக்கி. அந்த ஆசையில், அவள் இடுகிற முட்டையை எடுத்துச் சாதாரணப் புறாக்களுக்கு அடைவைப்பேன். முட்டை காணாமற்போனால் பெட்டை ஒன்றரை வாரத்திலேயே மறுபடி இட்டுவிடும். அடைகாக்க 17, 18 நாள், பிறகு குஞ்சுக்குத் தாயும் தகப்பனும் தொண்டைப்பால் கக்கி ஊட்டுகிற நாட்கள் என்று இயற்கை அவளுக்கு வைத்திருந்த இடைவெளி முழுவதையும் நான் பிடுங்கிக்கொண்டேன். நாலு மாதத்தில் ஆறு ஈடு, அதாவது ஆறு தடவை முட்டை. ஐந்தாவது ஈட்டில் ஓடு விரலுக்கு நெளிந்தது. ஆறாவது வெறும் தோல். அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும்.

ஏழாவதுக்கு அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துக் காம்பராவில் இருந்த அண்ணன், "கையால மெல்லத் தள்ளுடா, வந்துரும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கோழிக்கு அப்படிச் செய்து பார்த்தவர். தள்ளினேன். உள்ளேயே உடைந்தது. மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போகிற நேரத்துக்குள் செத்துப்போனாள்.

அதன்பிறகு இரண்டு வருடம் புறா இல்லை. 2019இல் ஒரு சாம்பல் நிறப் பெட்டையும் ஒரு சேவலும் சும்மா கிடைத்தன. அந்த ஆனி மாதம், மூன்று வாரமாக எதிர் மலையே தெரியாத பனியும் மழையும். ஒரு பின்னேரம் சாம்பலும் அதே போலத் தரையில் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கை நடுங்கியது. அப்பாயி கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து பார்த்தார். "பிள்ள பெறப் போறவள குளிர்ல போட்டுட்டு வயித்த அமுக்குனா வருமாடா? மொதல்ல சூடு காட்டு" என்றார். நான் அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதையும் தடுத்தார், புகை பறவைக்கு ஆகாது என்று. பெட்டி, துவாய், சுடுதண்ணீர்ப் போத்தல் எல்லாம் அவர் சொன்னவைதான். இரவு முழுக்கப் போத்தலை மாற்றிக்கொண்டே இருந்தேன். பின்துவாரத்தில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான். விடிந்தும் முட்டை வரவில்லை.

முதல் பஸ்ஸில் டவுனுக்குக் கொண்டுபோனேன். வைத்தியர் கால்சியம் ஊசி போட்டார். போட்டுவிட்டு இரண்டு கேள்வி கேட்டார். தீனியோடு சிப்பி ஓடு வைக்கிறாயா? கூட்டுக்குள் வெயில் விழுகிறதா? முதலாவதுக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவதுக்கு, குளிருக்காகக் கூட்டின் முன்பக்கம் பழைய ஜன்னல் கண்ணாடி அடித்திருக்கிறேன், வெயில் அடிக்கிற நாளில் வெளிச்சம் நன்றாக வரும் என்றேன். கண்ணாடியைக் கழற்று என்றார். கண்ணாடி வெளிச்சத்தை விடும், ஆனால் உடம்பில் வைட்டமின் டி ஊற வைக்கிற கதிரை மறித்துவிடும். அது இல்லாவிட்டால் தின்கிற சுண்ணாம்பு உடம்பில் சேராது. முட்டை ஓடு கிட்டத்தட்ட முழுக்கச் சுண்ணாம்பு. பெட்டை அதை முட்டையிடுவதற்கு முன்பே எலும்புக்குள் சேமித்து வைக்கிறாள். சேமிப்பு தீர்ந்தால் ஓடு மெலியும், பிறகு முட்டையைத் தள்ளுகிற தசைக்கே பலம் இருக்காது. மயில்புறாவுக்கு நான் செய்தது என்ன என்று அப்போதுதான் விளங்கியது.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே, என் மடியில் இருந்த பெட்டிக்குள் முட்டையிட்டாள். ஓடு மணற்கடதாசி போலச் சொரசொரப்பு. பக்கத்து சீட்டில் இருந்த அம்மாவிடம் காட்டினேன், அவரும் சந்தோஷப்பட்டார்.

கூடு ஏன் வெயில் இல்லாத இடத்தில் இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். முதலில் லயத்துக்கு முன்னால், கிழக்குப் பார்த்துத்தான் கட்டியிருந்தேன். அனுமதி இல்லாத கட்டடம், பிரித்துவிடு என்று தோட்டத்து ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. நாலு பலகை, ஒரு தகரம், அது கட்டடமாம். அப்பாயியின் அப்பாயி காலத்திலிருந்து நாங்கள் குடியிருக்கிற மண், ஆனால் ஒரு புறாக்கூட்டுக்கு அதில் எங்களுக்கு உரித்து இல்லை. அதனால்தான் பின்பக்கம், சவுக்கு மரங்களின் நிழலுக்குள் போனது. எங்களுக்குச் சொந்தமாக ஏழு பேர்ச் அளவு காணி என்று எத்தனை தேர்தலில் கேட்டுவிட்டோம்! இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சரி, தீனி. சோளம், நெல், குரக்கன் (கேழ்வரகு), அதோடு பயறும் கௌபியும் (தட்டைப்பயறு). வெறும் அரிசியும் சோளமும் போட்டால் கொழுப்பு ஏறும், கொழுத்த பெட்டைக்கும் முட்டை சிக்கும். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு வகை என்பது என் கணக்கு. தானியத்தை விட முக்கியம் தனிச் சட்டியில் வைக்கிற கலவை. இடித்த சிப்பி ஓடு, ஆற்றுப் பொடிக்கல், அடுப்புக் கரித்தூள், ஒரு சிட்டிகை உப்பு. சிப்பி கிடைக்காவிட்டால் கோழி முட்டை ஓட்டைச் சட்டியில் வறுத்து இடித்துப் போடுங்கள். நீர்கொழும்புப் பக்கம் யாராவது இருந்தால் கணவாய் ஓடு கொண்டுவரச் சொல்லுங்கள். இது எப்போதும் கூட்டில் இருக்க வேண்டும், தேவையானதை அவளே பொறுக்குவாள். மழை மாதங்களில் வாரம் ஒருநாள் தானியத்தில் இரண்டு சொட்டு மீன் ஈரல் எண்ணெய் பிசறுவேன். அதைக் கூட்டாதீர்கள், வைட்டமின் அளவு மீறினால் அதுவும் கெடுதல்.

ஒரு ஈட்டில் முதல் முட்டை பின்னேரம் வரும். மறுநாள் ஒன்றும் இருக்காது. அதற்கு அடுத்த நாள் மத்தியானம் தாண்டி இரண்டாவது. நடுவில் இருக்கிற அந்த நாளில் பயந்துபோய் அவளைத் தூக்கித் தொந்தரவு செய்யாதீர்கள்.

நீங்கள் மலையகம் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன். பண்டாரவளை, வெலிமடை என்றால் ஆனி ஆடியில் உங்களுக்கு நல்ல வெயில், அப்போது குறை சுண்ணாம்பிலோ ஓய்விலோ இருக்கலாம். வருடத்துக்கு நாலு ஈட்டுக்கு மேல் வேண்டாம். நாலு மாதமாவது சேவலைப் பிரித்து வையுங்கள்.

நான் வைத்தியன் இல்லை, இதைவிடத் தெரிந்தவர்கள் திருத்தலாம். ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியில் வரிசையில் நின்ற காலத்தில் "மனுசனுக்கே அரிசி இல்ல, இவனுக்குப் புறாத் தீனியாம்" என்று பேசியவர்கள் இங்கேயும் வருவார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன், அந்த மாதங்களில் என் பங்குச் சோற்றிலிருந்துதான் போட்டேன், யாருடைய பங்கையும் எடுக்கவில்லை. கூட்டில் அடைத்து வைத்தவன் நான், அவள் போய்த் தேடித் தின்ன முடியாது.

சாம்பல் இன்னும் இருக்கிறாள். இப்போது முட்டையிடுவதில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கம்பிவலை அடித்திருக்கிறேன். சவுக்கு மரத்துக் கிளைகளையும் அப்பா வெட்டிவிட்டார். ஒன்பது மணிக்கு மேல் பனி விலகுகிற நாட்களில், ஒரு சிறகை விரித்துப் படுத்துக்கொண்டு அந்த வெயிலில் கிடக்கிறாள்.