வங்கி மதிப்பீடு 90, வீட்டுக்காரர் விலை 100: பேரத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: 15 வருடம் பழைய தனி வீடு ஒன்றை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்காரர் சொல்லும் விலையை 100 என்று வைத்துக்கொண்டால், கடன் தரும் வங்கியின் மதிப்பீட்டாளர் 90 என்றுதான் எழுதியிருக்கிறார். வீட்டுக்காரர் இறங்கி வரவில்லை. தரகரோ, ‘இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க’ என்று அவசரப்படுத்துகிறார். வங்கி அறிக்கையைக் காட்டி 90-க்குக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் அறிக்கையை நீட்டியவுடன் வீட்டுக்காரர் இறங்கிவிடுவார் என்று எண்ணாதீர்கள். ‘அது பேங்க் கணக்கு, என் வீட்டு விலை இல்லை’ என்பார். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. கடன் திரும்பி வராவிட்டால் இந்த வீட்டை விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா என்பதுதான் வங்கியின் கவலை. நீங்கள் எவ்வளவு கொடுப்பது நியாயம் என்று அந்த மதிப்பீட்டாளரிடம் யாரும் கேட்கவில்லை. அதனால் பேரத்துக்குப் போகுமுன் நீங்களே கணக்குப் போட்டு எடுத்த ஓர் எண் கையில் இருக்க வேண்டும்.

அதற்கு முன்னால், இந்த 10 வித்தியாசம் யார் பையிலிருந்து போகிறது என்று பாருங்கள். வங்கி 80 சதவீதம் கடன் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்த விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதில்தான் பொதுவாக அந்த 80 சதவீதத்தைக் கணக்கிடுவார்கள். அதாவது 90-ல் 80 சதவீதம், 72. நீங்கள் 100 கொடுத்து வாங்கினால் கைப்பணம் 28 வேண்டும். எதிர்பார்த்தது 20 ஆக இருந்திருக்கும். 95-க்கு முடிந்தால் 23. 90-க்கு முடிந்தால் 18. மதிப்பீட்டுக்கு மேலே விலை நிற்கும்வரை, பேரத்தில் குறையும் ஒவ்வொரு 1-ம் முழுசாக உங்கள் கைப்பணத்தில் மிச்சம். பதிவுச் செலவும் மராமத்தும் இதற்கு மேல் தனி. கைப்பணம் எதுவரை தாங்கும் என்பதை முதலில் எழுதி வையுங்கள். விலை எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது.

அடுத்து, வங்கியிடம் அறிக்கையின் பிரதியைக் கேளுங்கள். தரத் தயங்கினால் மதிப்பீட்டின் விவரங்களையாவது கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சந்தை மதிப்பு, கட்டாய விற்பனை மதிப்பு (அவசரமாக விற்றால் கிடைக்கும் விலை) என்று சில அறிக்கைகளில் இரண்டு எண்கள் இருக்கும். உங்கள் காதில் விழுந்த 90 இரண்டாவதாக இருந்தால் கதையே வேறு. பிறகு நிலத்தின் அளவு, கட்டடப் பரப்பு, கட்டி எத்தனை வருடம் ஆயிற்று என்பவற்றைச் சரிபாருங்கள். டேப் பிடித்து வெளிச்சுவர்களை அளக்க அரை மணி நேரம் போதும். மாடியில் அனுமதி இல்லாமல் எழுப்பிய அறையை மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தால், இந்த 10 வெறும் விலைப் பிரச்சினை இல்லை. அதை வழக்கறிஞர் பார்த்து முடிக்கும்வரை பேரத்தையே நிறுத்தி வையுங்கள்.

இனி உங்கள் எண். தனி வீட்டுக்கு நிலத்தையும் கட்டடத்தையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. நிலம் 60 பெறும், இதே கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட 40 ஆகும் என்று கொள்வோம். கட்டடத்தின் ஆயுள் 60 வருடம், கடைசியில் இடித்துப்போடும்போது மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம் என்றால், தேய்வது 36. வருடத்துக்கு 0.6. 15 வருடத்தில் 9 தேய்ந்துவிட்டது, மிச்சம் 31. நிலத்தோடு சேர்த்தால் 91. வீட்டுக்காரர் எங்கிருந்து 100-ஐப் பிடித்தார் என்பதும் இதில் தெரிந்துவிடுகிறது: இன்று கட்டினால் எவ்வளவு ஆகுமோ அதை அப்படியே நிலத்தின் மேல் ஏற்றிவிட்டார், தேய்மானத்தைக் கழிக்கவில்லை. பழைய வீடு விற்கும் பலர் செய்கிற தவறு இது. வேண்டுமென்றே செய்வதில்லை.

இந்த 91 சரிதானா என்று அக்கம்பக்கத்தில் நடந்த விற்பனைகளோடு ஒட்டிப் பாருங்கள். விளம்பரத்தில் இருப்பது ஆசை விலை. உங்களுக்கு வேண்டியது பதிவாகி முடிந்த விலை. கடந்த 6 மாதத்துக்குள், நடந்து போகும் தூரத்தில், ஏறக்குறைய இதே அளவில் மூன்று வீடுகள் கிடைத்தால் போதும். பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. திருத்த வேண்டியது விற்ற வீட்டின் விலையை, உங்கள் வீட்டின் விலையை அல்ல. அந்த வீடு உங்களுடையதைவிட மேலானது என்றால் அதன் விலையில் கழிக்க வேண்டும். கீழானது என்றால் கூட்ட வேண்டும். ஒரு வீடு 97-க்கு விற்றது, அதன் கட்டடத்துக்கு 5 வயதுதான் என்றால், 10 வருட இளமைக்கு 6 கழித்தால் 91. இன்னொன்று 86-க்குப் போனது, அதற்கு வண்டி நிறுத்த இடமில்லை. அந்த வசதிக்கு அந்தப் பகுதியில் 4 மதிப்பு என்றால் 90. மூன்றாவது ஒன்றரை வருடத்துக்கு முன் விற்றது. சந்தை அதற்குள் நகர்ந்திருக்கும், ஒதுக்கிவிடுங்கள். கூட்டலும் கழித்தலும் சேர்ந்து விற்ற விலையில் கால் பங்கைத் தாண்டினால் அந்த வீட்டையும் விட்டுவிடலாம், அது ஒப்பிடத் தக்கதே இல்லை.

வாடகையை வைத்தும் ஒரு தடவை பார்க்கலாம், ஆனால் குடியிருக்க வாங்குகிற வீட்டுக்கு அது பலவீனமான சோதனை. அதில் நேரம் போக்க வேண்டாம்.

ஓட்டை உடைசலுக்கு விலை குறைக்கக் கேட்கும்போது ஒரே குறையை இரண்டு தடவை கழிக்காதீர்கள். மங்கிய பெயின்ட், தேய்ந்த தரை, பழைய குழாய் எல்லாம் தேய்மானக் கணக்கிலேயே வந்துவிட்டன. 15 வயதுக்கு இருக்கக் கூடாத குறைகளை மட்டும் எடுங்கள்: மேல்தளத்தில் ஒழுகல், சுவரடியிலிருந்து ஏறும் ஈரம், நிலைக்கதவில் கரையான், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் அகலமான விரிசல். முடி அளவு விரிசல் பூச்சில் வருவது, கவலை வேண்டாம். மதிப்பீட்டாளர் சுவரைத் தட்டியோ தண்ணீர் தொட்டியைத் திறந்தோ பார்த்திருப்பார் என்று நம்பாமல், ஒரு கட்டடப் பொறியாளரைத் தனியாக அழைத்துப்போங்கள். மராமத்துக்கு இரண்டு பேரிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். அது 2 ஆகும் என்றால் உங்கள் எண் 89.

பேரத்தில் முதல் எதிரி வீட்டுக்காரரின் 100-தான். காதில் விழுந்த முதல் எண் மனத்தில் நங்கூரம் போட்டுவிடும். அமெரிக்காவில் நார்த்கிராஃப்ட், நீல் என்ற இருவர் 1987-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வீட்டைக் காட்டி வெவ்வேறு கேட்பு விலைகளைச் சொன்னபோது, தொழில்முறைத் தரகர்களின் மதிப்பீடும் அந்த விலையின் பக்கமே சாய்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் கேட்பு விலையைக் கணக்கில் எடுத்ததாகவே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாவது, வீட்டுக்காரர் வாங்கிய விலை. பாஸ்டன் நகரில் 1990-களில் நடந்த அடுக்ககக் குடியிருப்பு விற்பனைகளை ஜெனசோவ், மேயர் ஆராய்ந்தபோது, வாங்கிய விலைக்குக் கீழே விற்க நேர்ந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் கேட்டார்கள், வீடும் அதிக நாள் விற்காமல் கிடந்தது. உங்கள் வீட்டுக்காரர் எந்த வருடம், என்ன விலைக்கு வாங்கினார், ஏன் விற்கிறார், எத்தனை மாதமாக விற்கப் பார்க்கிறார் என்பதைப் பத்திரங்களிலிருந்தும் அக்கம்பக்கத்தாரிடமிருந்தும் தெரிந்துகொள்ளுங்கள். நஷ்டத்துக்குப் பயப்படுகிறவரிடம் தர்க்கம் எடுபடாது, அவகாசம் கொடுத்தால்தான் இறங்குவார். அவசரமாகப் பணம் தேவைப்படுகிறவருக்கோ விலையைவிடத் தேதி பெரிது.

தரகர் விஷயம் எளிது. கமிஷன் 1 சதவீதம் என்றால் 100-க்கு முடிந்தால் அவருக்கு 1, 92-க்கு முடிந்தால் 0.92. அந்த 0.08-க்காக அவர் இன்னும் இரண்டு மாதம் காத்திருக்க மாட்டார். அவருக்கு வேண்டியது வியாபாரம் முடிவது. ‘இன்னொரு பார்ட்டி’ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் உங்கள் எண் மாறப்போவதில்லை. ‘அவங்க அதிகம் கொடுத்தா கொடுக்கட்டும்’ என்று சொல்லிவிட்டு உங்கள் கணக்கை எழுத்தில் அனுப்புங்கள்.

நியாய விலை 89, மனம் ஒப்பி ஏறக்கூடிய உச்சம் 92 என்றால், 86-ல் தொடங்குங்கள். ‘கொஞ்சம் குறைச்சுக்கோங்க’ என்று கேட்காமல், நிலம், தேய்ந்த கட்டடம், மராமத்து என்று மூன்று வரிக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள். தேய்மானத்தைக் காட்டும்போது வங்கி அறிக்கை சாட்சியாக வரட்டும், முதல் ஆயுதமாக வேண்டாம். ஏறும்போது அடியைச் சுருக்கிக்கொண்டே போங்கள்: 88, 89, 89.5. மேலே போகப்போக இடமில்லை என்பது அவருக்குப் புரியும். ‘நடுவுல வச்சு முடிச்சுக்கலாம்’ என்று வந்தால் உஷார்: 100-க்கும் 86-க்கும் நடு 93, உங்கள் உச்சத்தைத் தாண்டிவிட்டது. அந்தக் கட்டத்தில் விலையை விட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள்: அவர் காலி செய்ய இரண்டு மாதம் கூடுதல், அலமாரிகளையும் மின்விசிறிகளையும் விட்டுப்போவது, ஒழுகலை அவரே சரிசெய்து தருவது. கடன் கூட்டிக் கிடைக்க ஒப்பந்தத்தில் விலையை ஏற்றி எழுதலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தொடாதீர்கள். அது வங்கியை ஏமாற்றுவது, பதிவுச் செலவும் கூடும்.

நியாய விலையான 89-க்கு மேல் கொடுக்கவே கூடாதா என்றால், கொடுக்கலாம். பள்ளி பக்கத்தில், பெற்றோர் வீடு பக்கத்தில், இங்கேதான் பத்து வருடத்துக்கு மேல் இருக்கப்போகிறோம் என்றால் அந்தக் கூடுதல் உங்கள் வசதியின் விலை. மூன்று வருடத்தில் விற்றுவிட்டுப் போகும் எண்ணமிருந்தால் வேண்டாம். அடுத்து வருகிறவர் உங்கள் வசதிக்குப் பணம் தரமாட்டார்.

விலை முடிந்து அட்வான்ஸ் கொடுக்கும்போது ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். குறிப்பிட்ட நாளுக்குள் குறிப்பிட்ட தொகைக்கு வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வர வேண்டும் என்பது ஒன்று. கட்டடச் சோதனையில் பெரிய குறை தெரிந்தால் விலையை மறுபடி பேசவோ விலகவோ உரிமை உண்டு என்பது இன்னொன்று. கடன் நாளை வங்கி சொன்னதைவிட இரண்டு வாரம் தள்ளியே போடுங்கள், வங்கி சொன்ன நாளில் காகிதம் கைக்கு வருவது அபூர்வம்.